பத்தாண்டு முடிவு

ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 31 வரை ஒன்றிய அரசு அலுவலகங்களில் ஒரு சிறப்பு இயக்கம் நடக்கிறது. 2021இல் தொடங்கியது. தேங்கிய கோப்புகளை முடிப்பது, பழைய தாள்களைக் கழிப்பது, உடைந்த நாற்காலியிலிருந்து ஓடாத கணினி வரை ஏலத்தில் விடுவது எல்லாம் இதில் அடக்கம். கடைசியில் கணக்கு வெளியாகும். இத்தனை கோப்புகள் கழிந்தன, இத்தனை சதுர அடி இடம் மீண்டது, பழைய பொருள் விற்று இத்தனை கோடி ரூபாய் வந்தது. உயர்கல்வி நிறுவனங்களும் இதில் சேர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு கடிதம் எழுதுகிறது. அறைகள் துப்புரவாவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கழித்தது எத்தனை என்று சொல்லும் அந்தக் கணக்கு, கழித்தது எது, யாருடையது என்று சொல்வதில்லை. கல்வி நிறுவனம் ஒன்றுக்கு அந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

இந்த அலை பல்கலைக்கழகங்களுக்குள் வந்தபோது தன் நியாயத்தையும் கூடவே கொண்டுவந்தது. வைக்க இடமில்லை, சட்டம் வைக்கச் சொல்லவில்லை, வேண்டியதெல்லாம் கணினியில் இருக்கிறது. இப்படிச் சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கரையான் அரித்த கட்டுகளை இறக்கி, தூசியில் இருமி, மறுபடி அடுக்கியவர்கள் அவர்கள்தான்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்லாத் தாளையும் எந்நாளும் வைத்திருக்க முடியாது. திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை கல்லூரிகளை இணைத்துக்கொண்டிருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றில், ஒரு பருவத் தேர்வின் விடைத்தாள்களே மலையாகக் குவியும். மறுமதிப்பீடும் வழக்கும் முடிந்த பின் அவற்றைக் கூழாக்குவதே முறை. 2018இல் அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் முறைகேடு என்று லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்ததை மறக்கவில்லை. அதற்காக விடைத்தாளை முப்பது ஆண்டு வைக்கச் சொல்வது மிகை. விசாரணை முடியும்வரை வைத்தால் போதும். தனிமனிதத் தகவலைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாணவரின் மருத்துவச் சான்றும், பெற்றோரின் வருமானச் சான்றும் ஐம்பது ஆண்டு எவர் கைக்கும் எட்டும்படி கிடக்கத் தேவையில்லை. மதிப்பெண் பேரேட்டையும் பட்டப் பதிவேட்டையும் நிரந்தரம் என்று வைத்திருப்பதையும் பாராட்டுகிறேன்.

என் மறுப்பு ஒன்றுதான். பல ஆண்டுகளாக மாறாதது. மற்ற பதிவேடுகளின் காலத்தை எந்த இடத்திலிருந்து, யாருடைய தேவையை வைத்து எண்ணுகிறோம் என்பதில் அடிப்படைத் தவறு இருக்கிறது.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்ற எழுத்துகள் தெரியும். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. ஆங்கிலேயர் காலத்து எல்.டிஸ், கே.டிஸ், டி.டிஸ், ஆர்.டிஸ் என்ற முத்திரைகளின் தமிழ் வடிவம். கோப்பு முடியும் நாளில் இவற்றில் ஒன்றைக் குறித்துப் பதிவறைக்கு அனுப்புகிறார்கள். குறித்த ஆண்டு கழிந்ததும் கழிவுக்குப் போகும். வரி பாக்கிக்கும் வண்டி வாடகைக்கும் இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்துகிறது. விவகாரம் முடிந்தது, தாளும் முடிந்தது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தங்களுக்கென்று விதி வைத்திருந்தாலும் வார்ப்பு பெரும்பாலும் இதேதான். கோப்பு எப்போது முடிந்ததோ அன்றிலிருந்து எண்ணிக்கை.

மாணவரின் கோப்பு எப்போது முடிகிறது? அலுவலகத்துக்கு, மாற்றுச் சான்றிதழ் கொடுத்த அன்று. மாணவருக்கு அன்றுதான் அது தொடங்குகிறது. இருபத்தோரு வயதில் பட்டம் வாங்குகிற பெண் அரசுப் பணிக்குப் போனால் அறுபதில் ஓய்வு பெறுவார். 2021 முதல் தமிழ்நாட்டில் அதுதான் ஓய்வு வயது. ஆக முப்பத்தொன்பது ஆண்டு. அந்த முப்பத்தொன்பது ஆண்டில் மெய்த்தன்மைச் சான்று, பதவி உயர்வு, தணிக்கைத் தடை என்று ஏதாவது ஒன்றுக்கு அவருடைய கல்லூரியின் பழைய தாளைத் துறை கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குப் பின் ஓய்வூதியம் இருக்கிறது. பத்தாண்டு முடிவு என்றால் அவருடைய முப்பத்தோராவது வயதில் அந்தத் தாள் எடைக்குப் போய்விடும். தமிழ்நாடு தேர்வாணையத்தின் பல பதவிகளுக்குப் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிட, பழங்குடிப் பட்டதாரிகளுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. நாற்பத்தைந்தில் விண்ணப்பிக்க அரசு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. அந்தக் கதவில் நுழையத் தேவையான தாளை இன்னொரு நிறுவனம் அதற்கு முன்பே எடைக்குப் போட்டிருக்கும்.

எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் அருகிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடியது. நாற்பதைத் தாண்டிய ஒருவர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். 2000 முதல் 2003 வரை அங்கே பி.ஏ. வரலாறு படித்தவர். தமிழ்வழியில் படித்தவர் என்ற சான்று வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தினார்கள். பட்டம் மட்டும் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். அவர் பள்ளிச் சான்றுகளை எல்லாம் வாங்கிவிட்டார். கல்லூரிச் சான்று மட்டும் பாக்கி.

அவர் படித்த காலத்தில் அந்தத் துறையில் தமிழ்வழி, ஆங்கிலவழி என்று இரண்டு பிரிவும் ஓடின. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார்கள். பெயர், தந்தை பெயர், சாதி, பிறந்த தேதி, பாடம் எல்லாம் இருந்தன. பயிற்றுமொழிக்குப் பத்தி இல்லை. மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டையிலும் இல்லை. மதிப்பெண் பட்டியல் முழுக்க ஆங்கிலத்தில் அச்சானது. எழுதியது எந்த மொழியில் என்று அது சொல்லாது. அலுவலகக் கண்காணிப்பாளர் நல்ல பெண்மணி. ஒரு மணி நேரம் தேடினார். தேடியதில் 1998-99ஆம் ஆண்டின் வருகைப் பதிவேடு ஒன்று அகப்பட்டது. நீண்ட பேரேடு, பழுப்பு அட்டை, முதுகில் துணி ஒட்டியது. திறந்தால் முதல் பக்கத்தின் தலையில் நீல மையில், "முதலாமாண்டு பி.ஏ. வரலாறு, தமிழ்வழி" என்று எழுதியிருந்தது. கீழே வரிசை எண், பெயர், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு, வராத நாளுக்கு ஒரு சுழி. கேட்ட சான்றுக்கு வேண்டியது அந்தத் தலைப்பு வரி மட்டும்தான். ஆனால் ஆண்டு அவருடையது அல்ல.

"தம்பி, வருகைப் பதிவேட்டை மூணு வருசத்துக்கு மேல வைக்கிறதில்லப்பா. இது எப்படியோ தப்பிக் கெடக்குது" என்றார் கண்காணிப்பாளர்.

"எனக்குப் பாடம் நடத்துன சார் இருக்காரும்மா. கூட்டிக்கிட்டு வந்தா எழுதித் தருவீங்களா?"

"அவர் வாயால சொன்னா நான் எப்படிப்பா கையெழுத்துப் போட முடியும்? தணிக்கையில கேட்டா எதைக் காட்டுவேன்?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. மனிதர் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அனுப்பினார்.

கல்லூரியில் அற்பத்திலும் அற்பம் என்று எண்ணப்படுவது வருகைப் பதிவேடு. பருவம் முடிந்து, வருகை விழுக்காட்டைக் கூட்டி, தேர்வுக்கு அனுமதித்த பின் அதற்கு அலுவலகத்தில் ஒரு வேலையும் இல்லை. மூன்றாண்டு என்பதே தாராளம் என்று தோன்றும். ஆனால் அவர் படித்து முடித்து ஏழாண்டு கழித்து ஒரு சட்டம் வந்தது. பதினேழாண்டு கழித்து அதற்கு ஒரு திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் கேட்ட கேள்விக்கு விடை அந்த அற்பத் தாளில் மட்டும் இருந்தது. 2003இல் எந்தக் குழு உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. தெரியாது என்பதே என் வாதம். ஒரு பதிவேட்டின் பயன் முடிந்தது என்று அதை எழுதிய அலுவலகம் தீர்மானிக்க முடியாது. அந்தப் பதிவேட்டுக்கு வரப்போகும் கேள்வி இன்னும் பிறந்திருக்காது.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. அந்த வருகைப் பதிவேட்டுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? எழுதியவருக்கு எந்த நோக்கமும் இல்லை. 20 விழுக்காடு என்ற பேச்சே இல்லாத காலத்தில், காலை முதல் மணிக்கு, பேர் கூப்பிட்டுக் கோடு போட்டவர் எழுதியது. இன்று கேட்டவுடன் எழுதிக் கொடுக்கும் சான்றை யாரும் ஐயப்படலாம். அன்று எழுதியதை ஐயப்பட முடியாது. 2011இல் ஆனந்த் என்பவரின் பழங்குடிச் சான்று வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே அடிப்படையாகக் கொண்டது. சாதிச் சான்றைச் சரிபார்க்கும்போது விடுதலைக்கு முந்தைய ஆவணங்களுக்குச் சான்று மதிப்பு கூடுதல் என்றது. சலுகை வருவதற்கு முன் எழுதப்பட்டவை என்பதுதான் அவற்றின் பலம். நம் பச்சைமலை மலையாளிப் பழங்குடியினரை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்குடிப் பட்டியல் அவர்களைத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறது. அதிலிருந்து பிரிந்து பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அந்த வீடுகளில் முதன்முதலாகப் படித்தவரின் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைப் பதிவேட்டு வரிதான் அடுத்த தலைமுறைக்கு ஆதாரம். பேரன் சான்று கேட்டு நிற்கும்போது தாத்தாவின் பெயர் இருந்த பேரேடு கழிவுக்குப் போயிருந்தால், அந்த இழப்பை எந்தத் தணிக்கையும் குறித்துவைப்பதில்லை.

இந்த உண்மை நமக்குப் புதிதல்ல. சுந்தரரின் கதையை நினைத்துப் பாருங்கள். திருமண நாளில் முதியவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. நம்மில் பலர் கதையை மூல ஓலையோடு நிறுத்திவிடுகிறோம். அவையோர் அதோடு நிறுத்தவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பறையிலிருந்து வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். வழக்குக்குத் தொடர்பே இல்லாத அந்த வேறோர் ஓலையை யாரோ காத்துவைத்திருந்தார்கள். அதைப் பத்தாண்டு முடிவு என்று குறித்திருந்தால் அவை தீர்ப்புச் சொல்லியிருக்க முடியாது.

இங்கே அரியலூர், பெரம்பலூர் என்ற நம் மாவட்டங்களின் வரலாறும் சேர்ந்துகொள்கிறது. அரியலூர் அரசு கலைக்கல்லூரி 1965இல் வந்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல். இடையில் படித்தவர்களின் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையது. அவர்கள் சேப்பாக்கத்துக்குப் போக வேண்டும், பின்னால் வந்தவர்கள் திருச்சிக்கு. குரும்பலூரில் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியாக இருந்தது பின்னர் அரசுக் கல்லூரியானது. பொறியியலில் கதை இன்னும் கூர்மை. 2007இல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்துத் திருச்சியில் தனிப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். 2012இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கு அதை அளித்த பல்கலைக்கழகம் இன்று இல்லை. ஐந்தாண்டு வாழ்ந்த நிறுவனம் கொடுத்த பட்டத்தை மனிதர்கள் ஐம்பதாண்டு சுமக்க வேண்டும். மாவட்டமும் அப்படித்தான். அரியலூர் 2001இல் பிரிந்தது, 2002இல் பெரம்பலூரோடு மீண்டும் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. நிறுவனம் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் தாளும் லாரி ஏறுகிறது. கட்டு அவிழ்கிறது, அட்டை கிழிகிறது. ஏற்றும்போதும் இறக்கும்போதும், "இது தேவையா?" என்று ஒருவர் கேட்பார், தேவையில்லை என்று இன்னொருவர் சொல்வார். ஒரு துண்டுச் சீட்டில்கூட அதைக் குறித்துவைக்க மாட்டார்கள்.

இதை வேலைக்கும் சான்றுக்கும் மட்டும் உரிய சிக்கலாகப் பார்ப்பதும் போதாது. அசாமில் தேசியக் குடிமக்கள் பதிவேட்டுக்கு 1971 மார்ச் 24க்கு முந்தைய ஆதாரம் கேட்டார்கள். ஏற்கப்பட்ட ஆவணங்களில் பல்கலைக்கழக, தேர்வு வாரியச் சான்றும் ஒன்று. கொடுத்த நிறுவனத்துக்கே அனுப்பிச் சரிபார்த்தார்கள். 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இடம்பெறவில்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது ஏற்கத்தக்க ஆவணங்களில் கல்விச் சான்றும் இருந்தது. நம் உறவுகளின் கதை இன்னும் பழையது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் தந்தை அந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தாள் இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

பிரிட்டனில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும், அங்கே யாரும் தீய எண்ணத்தோடு எதையும் எரிக்கவில்லை என்பதால். கரீபியத் தீவுகளிலிருந்து 1950களிலும் 60களிலும் வந்து இறங்கியவர்களின் வருகை அட்டைகள் உள்துறையின் அடித்தளக் கிடங்கில் கிடந்தன. 2010இல் கட்டடத்தைக் காலி செய்தபோது வழக்கமான கழிவாக அவற்றை அழித்தார்கள். சில ஆண்டுகளில் குடியேற்றச் சட்டம் இறுகியது. வாழ்நாள் முழுவதும் அங்கே உழைத்த முதியவர்களிடம், நீ எந்த ஆண்டு வந்தாய், நிரூபி என்று அதே துறை கேட்டது. 2018இல் விவகாரம் வெடித்தது. கேட்டவரும் ஒருவரே, அழித்தவரும் ஒருவரே. வழக்கமான கழிவு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிடங்கு நினைவுக்கு வருகிறது.

இனி அந்த நியாயங்களுக்கு வருகிறேன். சட்டம் வைக்கச் சொல்லவில்லை என்கிறார்கள். மெய்தான், அந்த மெய்யில்தான் குறையும் இருக்கிறது. 1993இன் பொது ஆவணச் சட்டம் அனுமதியின்றி ஆவணத்தை அழிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அது ஒன்றிய அரசின் அமைப்புகளுக்கானது, மாநிலப் பல்கலைக்கழகம் அதற்குள் வராது. தகவல் உரிமைச் சட்டம் வந்தபோது நிலைமை மாறும் என்று நம்பினோம். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில், விடைத்தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. பெரிய வெற்றி. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: நிறுவனம் தன் விதிப்படி வைத்திருக்கும் காலம்வரைதான் அந்த உரிமை. அந்த வாரியத்தின் விதி மூன்று மாதம். விடைத்தாளுக்கு அது பொருந்தும் என்று நானே முன்பு சொன்னேன். ஆனால் அந்த நெறி எல்லாப் பதிவேட்டுக்கும் பொருந்துகிறது. குடிமகனின் உரிமையின் நீளத்தை, அந்த உரிமையால் கேள்விக்கு உள்ளாகும் நிறுவனமே அளந்து வெட்டிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. இதைவிடப் பெரிய அதிகாரத்தை ஓர் எழுத்தர் மேசைக்குச் சட்டம் கொடுத்ததில்லை.

எல்லாம் கணினியில் இருக்கிறது என்கிறார்கள். எது இருக்கிறது? தேசியக் கல்வி ஆவணக் காப்பகம் 2017இல் தொடங்கியது. பட்டமும் மதிப்பெண்ணும் அதில் ஏறுகின்றன, நல்லதே. 1984ஆம் ஆண்டின் வருகைப் பதிவேட்டை யாரும் அதில் ஏற்றப்போவதில்லை. மேலும், கணினிக்கு மாற்றுகிறவர் தமக்குத் தேவை என்று தோன்றும் பத்திகளைத்தான் மாற்றுகிறார். பெயர், பதிவெண், மதிப்பெண், வகுப்பு. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிய குறிப்பு, தலைப்பில் இருந்த "தமிழ்வழி", கையெழுத்து, திருத்தத்தின் மேல் போட்ட சுருக்கொப்பம் எல்லாம் தாளோடு நின்றுவிடுகின்றன. மாற்றியாயிற்று என்று மூலத்தை எடைக்குப் போட்டால், மிஞ்சுவது படி ஓலை. திருவெண்ணெய்நல்லூர் அவை படி ஓலையை நம்பவில்லை.

இடமில்லை என்பதைப் பற்றி நான் பொறுமையாகப் பேசிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வருகைப் பதிவேடுகளின் முதல் பக்கங்களை மட்டும் பிரித்துக் கட்டினால் ஒரு கல்லூரியின் அறுபது ஆண்டும் ஓர் அலமாரிக்குள் அடங்கும். புதிய கலையரங்கம் கட்ட இடம் இருக்கிறது, வளைவு வைக்க இடம் இருக்கிறது. பதிவறைக்குத்தான் எப்போதும் மாடிப்படிக்குக் கீழே இடம். பதிவறை எழுத்தர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்புவதில்லை. இடமில்லை என்று சொல்வதை இனி நான் ஏற்க மாட்டேன்.

தேவைப்படும்போது பழைய தாளைத் தேடப் பல்கலைக்கழகங்களுக்கும் தெரியும். 2021இல் அண்ணா பல்கலைக்கழகம், இருபது ஆண்டுகளுக்கு முன் நிலுவைத் தாள் வைத்தவர்களும் சிறப்புக் கட்டணம் கட்டித் தேர்வெழுதலாம் என்று அறிவித்தது. நல்ல முடிவு. 2001இல் சேர்ந்தவர் எந்தத் தாளில் தவறினார் என்பது அப்போது தேவைப்பட்டது. கட்டணம் வரும் இடத்தில் இருபது ஆண்டுக் கணக்குக் கிடைக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று கேட்டு வந்தால் மட்டும் மூன்றாண்டு விதி குறுக்கே நிற்கிறது.

முதல் தலைமுறை என்று சொன்னது வெறும் உருக்கத்துக்காக அல்ல. தலைமுறை தலைமுறையாகப் படித்த வீட்டில் பீரோ இருக்கும், அதில் கோப்பு இருக்கும், அப்பாவின் கல்லூரி அடையாள அட்டைகூட இருக்கும். செந்துறைப் பக்கத்து முந்திரிக் காட்டோரக் குடிசையில் அது இருக்காது. சான்றுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூரைச் செத்தையில் செருகி வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னையில் அரசு முகாம் போட்டு இழந்த சான்றுகளுக்கு மாற்றுப் படி கொடுத்தது. எதைப் பார்த்துக் கொடுத்தது? எங்கோ ஒரு பேரேடு மிச்சம் இருந்ததால் கொடுத்தது. வசதியுள்ளவருக்குக் கல்லூரிப் பதிவறை இரண்டாவது காப்பு. இல்லாதவருக்கு அதுவே ஒரே காப்பு. ஆகவே அழிப்பு விதி எல்லாருக்கும் ஒன்றுபோல் எழுதப்பட்டிருந்தாலும் அதன் சேதம் ஒரு பக்கமாகவே விழுகிறது.

கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு ஒரு பேரரசின் தலைநகர். மன்னன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவார் எழுதி, அதிகாரிகள் ஒப்பமிட்டு, வரிப்பொத்தகத்தில் பதிந்த ஆட்சி அது. அந்த ஓலைகளில் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. கல்லிலும் செம்பிலும் வெட்டியது மட்டும் இருக்கிறது. "சந்திராதித்தவல்" என்று, நிலவும் கதிரும் உள்ளவரை நிற்க வேண்டும் என்று எழுதிவைத்தது. கோயிலுக்குப் போன நிலத்துக்கும் அந்தணருக்குப் போன ஊருக்கும் அந்தக் காலம் கிடைத்தது. ஏரி வெட்டியவருக்கும் நெல் அளந்தவருக்கும் ஓலையின் காலம்தான் கிடைத்தது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் நாம் யாரைப் பற்றி அறிகிறோம், யாரைப் பற்றி அறியவில்லை என்பதை அந்த வேறுபாடு தீர்மானித்துவிட்டது.

மாணவரைப் பெயரோடு குறிக்கும் எந்தப் பதிவேடும், அவர் பிறந்த ஆண்டிலிருந்து எண்பது ஆண்டு முடியுமுன் அழியக் கூடாது. சேர்க்கைப் பதிவேடும் பாடத்திட்டமும் என்றென்றைக்கும் இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரிடம் முப்பதாண்டுக்கு முந்தைய பாடத்திட்டத்தின் படியைக் கேட்கிறார்கள். விடைத்தாள் கழியட்டும், வருமானச் சான்று கழியட்டும். கழிப்பதற்கு மூன்று மாதம் முன்னே, எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்தப் பதிவேடு என்ற பட்டியல் பழைய மாணவர் கண்ணில் படும்படி வெளியாகட்டும். கழித்த பின் அந்தப் பட்டியல் நிரந்தர முடிவாக நிற்கட்டும். ஆட்சிக்குழு ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டு இதைச் செய்யலாம். சட்டமன்றம் கூடத் தேவையில்லை.

அதுவரை படித்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். நீங்கள் படித்த கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: நான் படித்த ஆண்டுகளின் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, அகமதிப்பீட்டுப் பதிவேடு இன்று இருக்கின்றனவா, இல்லையென்றால் எந்த நாளில், எந்த ஆணைப்படி, யார் ஒப்பத்தில் அழிக்கப்பட்டன, அந்தப் பட்டியலின் நகல் தருக. முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.